ஆர்தர் ஏரி: பனியாறு விட்டுச் சென்றதும் அரசு கட்டியதும்

சென்ற வாரம் எங்கள் துறையில் நடந்த ஆய்வுக் கருத்தரங்கில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்க நிலங்களின் மீட்பு குறித்து நான் ஒரு கட்டுரை வாசித்தேன். வாசித்து முடித்ததும் முதுகலை மாணவி ஒருவர் எழுந்து, "மீட்பு என்கிறீர்கள், எந்தக் காலத்திய நிலமாக மீட்பது?" என்று கேட்டார். அவையில் நான் சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. அதற்குரிய நீண்ட விடையாக இப்பதிவைக் கொள்ளலாம். ஒரே ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில், பட்லர் மாவட்டத்தில் அமைந்துள்ள மொரைன் மாநிலப் பூங்கா. அங்கு நான் சென்றதில்லை. நிலவியல் அறிக்கைகள், சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், பழைய நில வரைபடங்கள் ஆகியவற்றின் வழியாகவே அதை அறிவேன். சுற்றுச்சூழல் வரலாறு பயில்வோருக்கு இத்தனை விளைச்சல் தரும் இடங்கள் குறைவு என்பது என் எண்ணம்.

பூங்காவின் பரப்பு 16,725 ஏக்கர். அதன் நடுவே 3,225 ஏக்கரில் ஆர்தர் ஏரி விரிந்து கிடக்கிறது. கரையின் நீளம் 42 மைல். காடு அடர்ந்த மேடுகளும், வளைந்து வளைந்து உள்ளே புகும் நீர்முனைகளும், பாய்மரப் படகுகளும் கொண்ட படங்களைப் பார்ப்பவர் எவரும் அதைத் தொன்மையான இயற்கை ஏரி என்றே கருதுவர். அந்த ஏரியின் வயது இப்பதிவை வாசிக்கும் பேராசிரியர்கள் சிலரின் வயதைவிடக் குறைவு. மடி க்ரீக் என்னும் ஓடையின் குறுக்கே அணை கட்டித் தேக்கப்பட்ட நீர் அது. பூங்கா திறந்துவைக்கப்பட்ட நாள் 1970 மே 23.

இங்கே ஒரு சொல் இடறுகிறது. ஆங்கில வழி நூல்கள் இதை 'மனிதர் ஆக்கிய ஏரி' என்று தனியே அடைமொழி இட்டுச் சொல்கின்றன. தமிழில் ஏரி என்றாலே கரை கட்டி, மதகு வைத்து, கலங்கு அமைத்து மனிதர் உண்டாக்கிய நீர்நிலைதானே. அடைமொழி வேண்டுவது இயற்கையாய் அமைந்த ஏரிக்குத்தான். நம் மொழியின் இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கும்படி வேண்டுகிறேன். 'ஆக்கியது' என்ற சொல்லைக் குற்றச்சாட்டாகவோ பெருமையாகவோ கொள்ளாமல், வெறும் செய்தியாகக் கொள்ள அது உதவும்.

கதையை நிலக்கரியிலிருந்து தொடங்குவதே முறை. பூமியின் காலப் பகுப்பில் ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கும் 30 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட பகுதிக்குப் 'பென்சில்வேனியக் காலம்' என்றே பெயர். இம்மாநிலத்தின் நிலக்கரிப் படுகைகளை வைத்து இடப்பட்ட பெயர் அது. அன்று இப்பகுதி நிலநடுக்கோட்டை ஒட்டிய சதுப்புக் காடாக இருந்தது. மரங்கள் விழுந்து, புதைந்து, அழுத்தம் பெற்றுக் கரியாயின. ஆனால் அக்கரி ஒரே தடித்த அடுக்காகக் கிடைப்பதில்லை. கரி, களிப்பாறை, மணற்பாறை, சுண்ணாம்புப்பாறை, மீண்டும் கரி என்று மாறி மாறி அடுக்குகள் வருகின்றன. கடல்மட்டம் பலமுறை ஏறி இறங்கியதன் தடம் இது. அந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தென்கண்டங்களின் மேல் பனிவிரிப்புகள் வளர்ந்தும் சுருங்கியும் வந்ததே என்று ஹரால்டு வான்லெஸ், பிரான்சிஸ் ஷெப்பர்டு ஆகிய இருவரும் 1936இல் வாதிட்டனர். இன்று அது பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம்.

தென்கண்டங்கள் என்றால் அன்றைய கோண்டுவானா; அதில் இந்தியாவும் அடக்கம். நான் தங்கி ஆய்வு செய்யும் ஒடிசாவில்தான் தால்சேர் உள்ளது. 1856இல் பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் அங்குள்ள உருண்டைக்கல் படுகையைக் கண்டு, வெப்பமண்டல நிலத்தில் பனியின் வேலையா என்று வியந்து, துணிந்து அவ்வாறே எழுதினர். தால்சேர்ப் படுகை அந்த நெடிய பனியூழியின் பிற்பகுதியைச் சேர்ந்தது. எனவே பட்லர் மாவட்டத்துச் சுரங்கத் தொழிலாளி வெட்டிய கரி அடுக்கின் தடிப்பைத் தீர்மானித்த பனியூழி எதுவோ, அதே பனியூழிதான் தால்சேரில் கற்களை உருட்டிச் சேர்த்தது. இரு நிலக்கரி வயல்களை ஒப்பிட நான் துணிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வழிகாட்டி இதை மிகையான காரணம் என்றே கருதுகிறார்.

பின்னர் முப்பது கோடி ஆண்டுகளை ஒரே தாவலில் கடந்து அண்மைப் பனியூழிக்கு வருவோம். வட அமெரிக்காவின் கண்டப் பனியாறுகள் பலமுறை தெற்கே இறங்கி மேற்குப் பென்சில்வேனியாவின் இந்த விளிம்பில் நின்றன. நின்ற இடத்தில், தாம் சுரண்டி வந்த களிமண், மணல், கூழாங்கல், பெரும்பாறை அனைத்தையும் குவித்துவிட்டு உருகின. அக்குவியலுக்குத்தான் மொரைன் என்று பெயர். பூங்காவின் பெயரும் அதுவே. பனியின் தென்எல்லைக் கோட்டை மாநிலத்தின் குறுக்கே முதன்முதலில் முறையாக நடந்து வரைந்தவர்கள் ஹென்றி கார்வில் லூயிஸ், ஜார்ஜ் பிரெடரிக் ரைட் ஆகியோர்; அவர்களது அறிக்கை 1884இல் மாநில நிலவியல் அளவைத் துறையின் வெளியீடாக வந்தது. லூயி அகாசி 1840இல் பனியூழிக் கொள்கையை நூலாக வெளியிட்டதற்கும் இவ்வறிக்கைக்கும் இடையே நாற்பத்து நான்கு ஆண்டுகளே. ஐரோப்பிய மலைகளில் பிறந்த ஒரு கருத்து, அட்லாண்டிக்கைக் கடந்து, ஒரு மாநிலத்து வயல்வெளிகளின் மேல் கோடாக இறங்க அவ்வளவு காலம் பிடித்தது.

இனி ஏரிகள். பனி வருவதற்கு முன் இப்பகுதி ஓடைகள் பலவும் வடமேற்கு நோக்கி, இன்றைய ஈரி ஏரியின் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தன. ஏறத்தாழ 1,40,000 ஆண்டுகளுக்கு முன் வந்த பனியாறு அவற்றின் வழியை அடைத்தது. பனியே அணையானது. அடைபட்ட நீர் மூன்று ஏரிகளாகத் தேங்கியது. வடக்கே ஸ்லிப்பரி ராக் ஓடையின் நீர் நிறைத்தது எட்மண்ட் ஏரி. தென்கிழக்கே மெக்கானெல்ஸ் ரன் என்னும் ஓடை நிறைத்தது வாட்ஸ் ஏரி. மேற்கே பனியின் விளிம்பை ஒட்டிச் சிறியதாய் அமைந்தது ப்ரௌட்டி ஏரி. முதலில் நிரம்பி வழிந்தது சிறிய ஏரிதான். வழிந்த நீர் தெற்கே ஓர் இடுக்கு வழியாகப் பாய்ந்து பாறையை அறுத்தது. அந்த வாய்க்கால் விரைவில் மற்ற வடிகால்களைவிட ஆழமாகிவிடவே, பெரிய ஏரிகள் இரண்டும் அதே வழியாகப் பொங்கி வடிந்தன. இன்று ஸ்லிப்பரி ராக் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படும் செங்குத்தான மலையிடுக்கு அவ்வாறு பிறந்தது. சில இடங்களில் அதன் ஆழம் 400 அடியை எட்டுகிறது. மூன்றும் ஒரு கட்டத்தில் இணைந்து ஒரே பேரேரியாக நின்றன என்பது அறிஞர் சிலரின் கருத்து. அப்பேரேரிக்கு அவர்கள் வழங்கும் பெயர் பனியூழி ஆர்தர் ஏரி.

விளைவு வியப்புக்குரியது. பனி விலகிய பின்னும் ஓடைகள் பழைய வழிக்குத் திரும்பவில்லை. வடமேற்கே போக வேண்டிய நீர் தெற்கே திரும்பி, கானக்கனெசிங் ஓடை, பீவர் ஆறு, ஒஹையோ ஆறு என்று சென்று, இறுதியில் மிசிசிப்பி வழியே மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. கிளீலண்டு ராக் என்னும் பாறை முனையில் நின்றால் பழைய நீர்ப்பிரிமேடு இருந்த இடத்தை இன்றும் காணலாம் என்று வழிகாட்டிக் கையேடுகள் கூறுகின்றன.

பனி விட்டுச் சென்றவற்றுள் இன்னும் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒன்று ஜாக்ஸ்வில் எஸ்கர். பனியாற்றின் அடியில் குகைபோல் ஓடிய உருகுநீர் படியவைத்த மணலும் கூழாங்கல்லும், மேலிருந்த பனி மறைந்தபின் பாம்பு போல் நெளியும் நீண்ட வரப்பாக நிலத்தின்மேல் எஞ்சுவதே எஸ்கர். வீடு கட்டவும் சாலை போடவும் இதைவிட வசதியான சரளைக் குவியல் வேறு கிடையாது. ஆகவே உலகெங்கும் எஸ்கர்கள் வெட்டி விற்கப்பட்டுள்ளன. மற்றொன்று அருகிலுள்ள ஜென்னிங்ஸ் சுற்றுச்சூழல் கல்வி மையத்தின் புல்வெளி. களிமண் படுகையின் மேல் மெல்லிய மண் மட்டுமே உள்ளதால் பெருமரங்கள் அங்கு எளிதில் வேரூன்றுவதில்லை. எனவே தொலைமேற்குச் சமவெளிக்குரிய புற்களும், ஊதா நிறக் கதிராய்ப் பூக்கும் லையாட்ரிஸ் செடியும், மசசாகா என்னும் அரிய கிலுகிலுப்பைப் பாம்பும் அந்தச் சிறு துண்டில் தங்கிவிட்டன. கார்னெகி அருங்காட்சியகத்தின் தாவரவியலாளர் ஓட்டோ ஜென்னிங்ஸ் பெயரால் அது இன்று காக்கப்படுகிறது.

மனிதர் வரலாற்றில் தொல்குடிகளின் பகுதியை நான் விரைவாகக் கடப்பது நியாயமில்லை என்பதை அறிவேன். லெனாபே, செனகா மக்களின் வழித்தடங்கள் இப்பகுதியினூடே சென்றன. அவர்கள் வெளியேற்றப்பட்ட பிறகே நிலம் 'காலி' என்று அளக்கப்பட்டு விற்கப்பட்டது. மீட்பு பற்றிய எல்லா உரைகளிலும் முதலில் மறக்கப்படுவோர் அவர்களே. அதன்பின் வந்தவர்கள் உழவர்கள். மலையிடுக்கின் ஓட்டநீரில் மாவரைக்கும் ஆலைகள் எழுந்தன. 1875இல் தாமஸ் மெக்கானெல் வாங்கிய ஆலை, நீர்ச்சக்கரத்தைக் கைவிட்டு நீர்ச்சுழலிக்கும், அரைகல்லைக் கைவிட்டு உருளைக்கும் மாறியது, 1928இல் மூடப்பட்டது. அருகில் 1874இல் கட்டிய கூரையிட்ட மரப்பாலம் இன்னும் நிற்கிறது.

பிறகு எண்ணெய். 1859இல் டைட்டஸ்வில்லில் டிரேக் தோண்டிய கிணறு இதே மேற்குப் பென்சில்வேனியாவைச் சேர்ந்தது. பட்லர் மாவட்டத்தில் 1870களில் எண்ணெய்ப் பித்து தலைக்கேறியது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் மடி க்ரீக் பள்ளத்தாக்கிலும் கிணறுகள் தோண்டப்பட்டன. எண்ணெய் வற்றியதும் கிணற்றை அப்படியே விட்டுவிட்டுப் போவதே வழக்கம். கூடவே நிலக்கரி. பூங்கா நிலத்தின் கீழ் ஏழு கரி அடுக்குகள் ஓடுகின்றன. முதலில் ஆழ்சுரங்கமாகவும், பின்பு மேல்மண்ணை அகற்றித் திறந்தவெளியாகவும் அவை வெட்டப்பட்டன. சரளைக்கல், சுண்ணாம்புக்கல், களிமண் ஆகியனவும் எடுக்கப்பட்டன. மேலே குவிந்திருந்ததைப் பனி கொடுத்தது. கீழே கிடந்ததைச் சதுப்புக் காடு கொடுத்தது. இரண்டும் வண்டியேறிப் போயின.

இங்கே சற்று நிற்க வேண்டும். கரி வெட்டிய இடத்தில் எஞ்சுவது வெறும் குழி மட்டுமில்லை. கரி அடுக்கோடு பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமம் உள்ளது. அது காற்றையும் நீரையும் ஒருங்கே சந்தித்தால் கந்தக அமிலம் உண்டாகிறது. சுரங்கத்திலிருந்து கசியும் அந்நீர் ஓடையில் கலந்ததும் இரும்பு வெளிப்பட்டுக் கற்களின்மேல் ஆரஞ்சு நிறச் சேறாகப் படிகிறது. மீன் சாகும், பூச்சிப் புழுக்கள் சாகும், குழாய் அரிக்கும். சுரங்கம் மூடப்பட்டு, நிறுவனம் கலைக்கப்பட்டு, தொழிலாளர் ஊர் மாறிச் சென்ற பின்னும் கசிவு நிற்பதில்லை. பல தலைமுறைகள் தொடரக்கூடியது அது.

இது தெரியாமல் நடந்ததன்று. தெரிந்தே, சட்டத்தின் ஒப்புதலோடு நடந்தது. ஸ்க்ராண்டன் நகரில் மெடோ ப்ரூக் என்னும் ஓடைக்கரையில் 1868இல் நிலம் வாங்கி, வீடு கட்டி, மீன்குளம் அமைத்து வாழ்ந்தது சாண்டர்சன் குடும்பம். மேற்புறத்தில் ஒரு நிலக்கரி நிறுவனம் சுரங்கம் திறந்து, உள்ளே ஊறிய அமில நீரை இறைத்து ஓடையில் விட்டது. மீன்கள் மடிந்தன, குழாய்கள் அரித்தன. திருமதி சாண்டர்சன் வழக்குத் தொடுத்தார். தொடக்கத்தில் வெற்றியும் பெற்றார். ஆனால் 1886இல் மாநில உச்ச நீதிமன்றம் முந்தைய போக்கை மாற்றித் தீர்ப்பளித்தது. நிலத்தை இயல்பாகப் பயன்படுத்தும்போது இயல்பாக வெளியேறும் நீர் அது. மாநிலத்தின் பெருந்தொழில் நிலைக்க வேண்டுமாயின் தனியொருவரின் சிறு தொல்லை விட்டுக்கொடுக்க வேண்டியதே என்பது அத்தீர்ப்பின் சாரம். அதன் நிழல் எண்பது ஆண்டுகள் நீண்டது. 1937இல் வந்த தூய ஓடைகள் சட்டமும் சுரங்க நீரைப் பெரும்பாலும் தன் பிடிக்கு வெளியே வைத்தது. 1965ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த விலக்கை அகற்றியது. நம் மாணவர்கள் 'மாசு' என்பதை அறிவியல் சொல்லாக மட்டும் படிக்கிறார்கள். எது மாசு, எது இயல்பான கசிவு என்பதை ஒரு நூற்றாண்டுக் காலம் அங்கு முடிவு செய்தவர்கள் வேதியியலாளர்கள் அல்லர், நீதிபதிகள்.

இந்தப் பள்ளத்தாக்கில்தான் 1920களில் ஓர் ஆங்கிலேயர் வந்து நின்றார். பிராங்க் பிரஸ்டன், 1896இல் லெஸ்டர் நகரில் பிறந்தவர். கண்ணாடி எவ்வாறு உடைகிறது என்பதே அவரது தொழில். பட்லர் அருகே கண்ணாடி ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவி அங்கேயே தங்கிவிட்டார். மடி க்ரீக் பள்ளத்தாக்கின் நில உருவங்களைக் கண்டபோது, அவை பனியூழிக்குரியவை, இங்கே ஓர் ஏரி நின்றிருக்க வேண்டும் என்று உய்த்துணர்ந்தார். கார்னெகி அருங்காட்சியக நண்பர்களோடு சேர்ந்து அதை ஆராய்ந்தார். மறைந்துபோன அந்த ஏரிக்கு, பிட்ஸ்பர்க் வழக்கறிஞரும் இயற்கை ஆர்வலருமான எட்மண்ட் வாட்ஸ் ஆர்தர் என்பவரின் பெயரை இட்டார். மேலே கண்ட எட்மண்ட், வாட்ஸ், ஆர்தர் என்னும் மூன்று ஏரிப் பெயர்களும் ஒரே மனிதரின் பெயரைப் பிரித்துப் பகிர்ந்தவை என்பதை வாசகர் இதற்குள் கண்டிருப்பர். ஒரு வழக்கறிஞரின் முழுப்பெயரும் இப்படி நீராகிப் பரவியதற்கு வேறு சான்று நான் அறியேன்.

பிரஸ்டனைச் சூழலியல் மாணவர்கள் வேறொரு வகையில் அறிவர். 1948இல் அவர் எழுதிய, உயிரினங்களின் மிகுதியும் அருமையும் பற்றிய கட்டுரை அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. 1962இல் வந்த அதன் தொடர்ச்சி, தீவு உயிர்ப்புவியியல் கொள்கைக்கு வழி கோலியவற்றுள் ஒன்று. பறவை முட்டைகளின் வடிவம் பற்றியும் எழுதியுள்ளார். பல்கலைக்கழகச் சூழலியல் துறை எதிலும் பதவி வகிக்காமல் இதையெல்லாம் செய்தார் என்பதைத் துறைகளுக்குள் வேலி போட்டுக்கொண்டு வாழும் நாம் எண்ணிப் பார்க்கலாம். அவரது 1948ஆம் ஆண்டுக் கட்டுரையில் 'மறைதிரைக் கோடு' என்றொரு கருத்து வருகிறது. நாம் எடுக்கும் மாதிரி சிறியதாயின் மிக அரிய இனங்கள் அதில் அகப்படா. அவை இல்லை என்று பொருளன்று, திரைக்குப் பின்னால் உள்ளன. மாதிரியைப் பெரிதாக்கினால் திரை விலகும். வரலாற்று ஆவணக் காப்பகத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் எனக்குக் கிடைக்கவில்லை. இக்கட்டுரையில் வழக்கறிஞர், பொறியாளர், அமைச்சர் ஆகியோருக்குப் பெயர் இருக்கிறது. நிலத்தை விட்டுச் சென்ற உழவருக்கும் கரி வெட்டிய தொழிலாளிக்கும் பெயர் இல்லை. என் மாதிரி சிறியது.

பிரஸ்டன் பார்த்ததோடு நிற்கவில்லை. மேற்குப் பென்சில்வேனியா இயற்கைக் காப்புச் சங்கத்தை வலுப்படுத்திய முன்னோடிகளுள் அவர் ஒருவர். சங்கம் முதலில் மெக்கானெல் ஆலையையும் மலையிடுக்கையும் கைக்கொண்டு மாநிலத்திடம் சேர்த்தது. 1957இல் அது தனிப் பூங்காவாயிற்று. பின்னர் மடி க்ரீக் பள்ளத்தாக்கில் தொடக்க நிலங்களை வாங்கியது. அரசின் பக்கத்தில் இதை முன்னின்று நடத்தியவர் மாரிஸ் காடர்டு. 1955 முதல் 1979 வரை மாநிலத்தின் காடு, நீர், சுற்றுச்சூழல் துறைகளின் தலைமையில் இருந்தவர். ஒவ்வொரு குடிமகனுக்கும் 25 மைலுக்குள் ஒரு பூங்கா என்பது அவரது இலக்கு. 1963இல் வாக்காளர்கள் 7 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு இசைவளித்தனர். 'திட்டம் 70' என்னும் அந்நிதி நிலம் வாங்கவே ஒதுக்கப்பட்டது. 1968இல் மேலும் 50 கோடி டாலருக்கு வழி பிறந்தது. அந்தப் பணத்தின் கணிசமான பகுதி சுரங்கக் கசிவைச் சீர்செய்யச் செலவாயிற்று. கரி விற்ற காலத்து இலாபம் தனியாருடையது. கசிவை அடைத்த செலவு கடன்பத்திரம் வழியே பொதுமக்களுடையது. இதைச் சொல்ல எனக்குக் கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை, கணக்கே போதும்.

வேலை எளிதாயிருக்கவில்லை. அணையை மட்டும் கட்டியிருந்தால் அமிலக் குளம்தான் கிடைத்திருக்கும். ஆகவே ஏரிக்கு முன் சுரங்கங்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஆழ்சுரங்கங்களின் வாய்கள் அடைக்கப்பட்டன. காற்று புகாமல் நீர் நிறைந்தால் பைரைட் வினைபுரியாது என்பதே அடைப்பின் தத்துவம். 1930களிலும் வேலையற்றோருக்கான அரசுத் திட்டத்தின் கீழ் சுரங்க வாய்களை மூடிப் பார்த்திருந்தனர் என்பதால் கருத்து புதிதன்று. திறந்தவெளிக் குழிகள் நிரப்பிச் சமன் செய்யப்பட்டன. கைவிடப்பட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் 400க்கும் மேற்பட்டவை தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டன. மண்ணுக்கு உரமிட்டு, புல்லும் புதரும் மரமும் ஆயிரக்கணக்கில் நட்டனர். பிறகே நீர் தேக்கப்பட்டது. இன்று அந்நீரில் வாலை, மஸ்கி, பாஸ், கெளுத்தி என மீன்கள் பலவும் உள்ளன. 1990களில் விராலடிப்பான் பறவையை மீண்டும் இங்கே குடியேற்றினர். அது கூடு கட்டுகிறது. பூங்கா திறந்த மறு ஆண்டு, 1971 மே மாதத்தில், தூய காற்றும் தூய நீரும் மக்களின் உரிமை என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. சாண்டர்சன் அம்மையாருக்கு எண்பத்தைந்து ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்த மறுமொழி அது.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பூங்காவின் அதிகாரபூர்வ விளக்கம், பனியூழி ஏரியை ஒத்த ஓர் ஏரி மீண்டும் உருவாக்கப்பட்டது என்கிறது. ஆழ்ந்து நோக்கினால் அக்கூற்றில் உண்மை உண்டு. அன்று பனி அடைத்த பள்ளத்தாக்கை இன்று மண் அணை அடைக்கிறது. மேற்குக் கோடியில் அணை நிற்கும் நிலை, பனி நின்ற நிலையை நினைவூட்டுகிறது. ஆனால் பனியூழி ஏரி எட்டிய உயரத்தை இது எட்டவில்லை. அதன் கரையில் இன்றைய காடும் இருந்திருக்க முடியாது. பனி விளிம்பின் குளிரில் அத்தகைய ஓக் மரங்கள் வளரா. நமக்கு முன் பல்லாயிரம் ஆண்டுகள், ஏரி வடிந்தபின், அங்கே இருந்தது ஓடையும் காடும் ஆகும், ஏரியன்று. உழவர் வயல்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்தன. அந்த நிலங்களை விற்றவர்களுள் மனமுவந்து விற்றோரும் உண்டு, அரசின் நிலமெடுப்பு அதிகாரத்தின் முன் வேறு வழியின்றி விற்றோரும் உண்டு. இத்தனை கடந்த காலங்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதைத்தான் 'மூல நிலை' என்று அழைத்தனர். தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. தேர்ந்தெடுத்தோம் என்பதை மறைத்து, இயற்கையே திரும்பிவந்தது போல் பேசும்போதுதான் சிக்கல்.

ஏன் அந்தக் காலம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கேட்டால், என் விடை இது. பனியூழிக்கு உரிமையாளர் எவருமில்லை. வயலை மீட்டால் உழவரைத் திருப்பியழைக்க வேண்டும். காட்டை மீட்டால் தொல்குடிகளின் பெயரைச் சொல்ல வேண்டும். 1,40,000 ஆண்டுகளுக்கு முந்தைய நிலத்துக்கு எவரும் வழக்குத் தொடுக்க மாட்டார். இதைப் பிரஸ்டனின் உள்நோக்கமாக நான் கூறவில்லை. அவர் தூய ஆர்வத்தோடு பள்ளத்தாக்கை நேசித்தவர் என்பதில் ஐயமில்லை. தொலைவான கடந்த காலம் அரசுக்கு எப்போதும் வசதியானது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். இதை மறுக்கும் நண்பர்கள், ஏரி இல்லாவிட்டால் அங்கே இன்றும் ஆரஞ்சு ஓடைதானே ஓடும் என்று கேட்பர். ஓடும். ஆகவேதான் எனக்கு அந்த ஏரியின்மேல் மதிப்புண்டு.

நம் நாட்டிலும் 2009ஆம் ஆண்டு முதல் நிலக்கரி அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளின்படி, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் வகுக்க வேண்டும். அத்திட்டங்களின் வரைபடங்களில் இறுதிக் குழி பெரும்பாலும் நீல நிறத்தில் நீர்நிலையாகத் தீட்டப்படுகிறது. அந்த நீலத்தைக் காணும்போதெல்லாம் ஆர்தர் ஏரியின் வரிசைமுறை என் நினைவுக்கு வரும்: முதலில் அடைப்பு, பிறகு மண், பிறகு மரம், கடைசியில் நீர். நீலத்தை முதலில் தீட்டிவிட்டு மற்றவற்றைப் பின்னிணைப்பில் சேர்க்கும் முறைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைத்தான் என் ஆய்வேட்டின் நான்காம் இயல் அளக்க முயல்கிறது. அந்த இயலில், இந்தியக் கரியில் கந்தகம் பொதுவாகக் குறைவு என்பதால் அமிலக் கசிவின் கணக்கு பென்சில்வேனியாவிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதையும், வடகிழக்கின் கந்தகம் மிகுந்த கரிக்கு அந்த விலக்கு ஏன் பொருந்தாது என்பதையும் விரிவாக எழுதியுள்ளேன். அது அடுத்த பதிவுக்கு. தால்சேர் பக்கம் களப்பணி செய்தவர்கள், அங்கே ஊர் பெயர்ந்தவர்களின் வாய்மொழிப் பதிவுகள் வைத்திருப்பின், கருத்துரையில் தெரிவியுங்கள். என் மாதிரியைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது.